ஏறுவதற்கு முன் தரையில்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குதிரை பழகத் தொடங்குபவர்களுக்கு

ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையை இன்று மாட்டுப் பண்ணை என்றுதான் எல்லோரும் அறிவார்கள். 1824இல் அது தொடங்கப்பட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்த்துக் கொடுப்பதே அதன் வேலையாக இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரமும் மிதமான வெயிலும் அகன்ற புல்வெளியும் அந்த இடத்துக்கு உண்டு. அங்கிருந்து மலையிறங்கிக் காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று வரும்போது உயரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், வெயில் ஏறிவிடும். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துவந்து அரூரில் மே மாதத்தில் கடைப்பிடிக்க முடியாது.

இராயக்கோட்டை சாலையை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டு குதிரைகளை வைத்திருக்கிறேன். பார்க்க வருகிற இளைஞர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, எத்தனை நாளில் ஓட்டக் கத்துக்கலாம்?” ‘ஓட்ட’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனத்தில் இருப்பது பைக் என்று எனக்குப் புரிந்துவிடும். நல்ல ஆசிரியரிடம் பத்துப் பன்னிரண்டு வகுப்பில், நடக்கிற குதிரையின்மேல் தடுமாறாமல் உட்கார முடியும். கீழே இறங்கியபின் அந்தக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைக் கற்க ஓராண்டாவது ஆகும். ஏறியிருப்பது நாளில் ஒரு மணி நேரம். மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் தரையில்தான் நடக்கிறது. ஆகவே தரையில் கற்க வேண்டியதை முதலில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன்.

எங்கே, யாரிடம் கற்பது

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், முறையான பயிற்சிப் பள்ளிகளுக்கு வார இறுதியில் போய்வருவது எளிது. தருமபுரிப் பக்கத்தில் பெரும்பாலும் தனியாட்களே குதிரை வைத்திருக்கிறார்கள். திருமண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாடகைக்கு விடுவது அவர்கள் தொழில். அவர்களில் குதிரையை நன்கு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேளச் சத்தத்துக்குக் காலைத் தூக்கி ஆடப் பழக்கிய குதிரை, புதிதாக ஏறுபவருக்கு ஏற்றதன்று. வாயில் சற்று இழுப்புத் தெரிந்தாலே ஆட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புதியவரோ பயத்தில் வாயைத்தான் இழுப்பார்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைவிட லாயத்தைப் பாருங்கள். சேணம் எடுத்ததும் குதிரையின் முதுகிலும், வயிற்று வார் படும் இடத்திலும், வாயோரத்திலும் புண்ணோ மயிர் உதிர்ந்த வெள்ளைத் திட்டோ இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். முள் வைத்த கடிவாள இரும்பை எங்கேனும் கண்டால் அங்கே நிற்கவே வேண்டாம். அதைப் பயன்படுத்துவதற்கு 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளில் தடை உண்டு. முதல் வகுப்பில் ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்து வட்டமாகச் சுற்றவிட்டுக் கற்றுத் தருகிறாரா, வேலியிட்ட மைதானம் இருக்கிறதா, ஹெல்மெட் இல்லாமல் ஏறவிடுகிறாரா என்ற மூன்றையும் கேட்டறிந்தால் போதும். உங்கள் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எழுபது கிலோ உள்ளவரை ஒரு சிறிய மட்டக் குதிரைமேல் ஏற்றும் பள்ளி, குதிரையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று பொருள்.

குதிரையின் எடையை அறிய எடைமேடை தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்தச் சென்டிமீட்டர் அளவை அதே அளவால் பெருக்கி, மார்பு முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறத்தாழக் கிடைத்துவிடும். நெஞ்சுச் சுற்று 160, நீளம் 145 என்றால் எடை 312 கிலோ சொச்சம். தீவனத்துக்கும் பூச்சி மருந்துக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை என்பதால் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

தரையில் முதல் மாதம்

குதிரை இரையாகும் விலங்கு. ஓடித் தப்பித்துத்தான் அதன் இனம் பிழைத்திருக்கிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னால் சிறிது இடமும் மட்டும் அதற்குத் தெரியாது. புதியவர்கள் உதைபடுவது பெரும்பாலும் அந்தப் பின் இடத்தில் நின்றதால்தான். இடது தோளை நோக்கிச் சற்றுச் சாய்வாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள். பின்னால் போயே ஆக வேண்டும் என்றால், கையை முதுகிலிருந்து எடுக்காமல் உடம்பை ஒட்டியே சுற்றி வாருங்கள், அல்லது இரண்டு ஆள் தூரம் தள்ளிப் போங்கள். இடைப்பட்ட தூரத்தில்தான் உதையின் முழு வேகமும் விழும்.

காதைப் பார்த்தே அதன் மனத்தை அறியலாம். இரு காதும் முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் உங்களைக் கேட்கிறது. இரண்டும் பிடரியோடு ஒட்டிப் படுத்துவிட்டால் கடியோ உதையோ வரப்போகிறது. “குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்தக் குணத்தில் பாதி வலி, மீதி பயம்; வேண்டுமென்றே தீங்கு செய்யும் குதிரையை நான் ஒன்றோ இரண்டோதான் பார்த்திருக்கிறேன்.

தலைக்கயிறு மாட்டி நடத்திச் செல்வது அடுத்த பாடம். கழுத்தருகே, தோளுக்குச் சற்று முன்னால் நின்று, வலக்கையில் கயிற்றைத் தாடையிலிருந்து ஒரு முழம் விட்டுப் பிடியுங்கள். மிச்சக் கயிற்றை இடக்கையில் எட்டு வடிவில் மடித்துப் பிடிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கையில் சுற்றக் கூடாது. மாட்டுக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பழகிய கை எனக்கு. முதல் ஆண்டில் ஒரு லாரியின் ஏர் ஹாரனுக்குக் குதிரை பக்கவாட்டில் துள்ளியபோது, சுற்றியிருந்த கயிறு இறுகி மோதிர விரல் உடைந்தது. அந்த விரலில் இன்றும் மோதிரம் நுழையாது. கட்டிப்போடும்போதும் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சைத்தான் போட வேண்டும். அதுவும் நடுத்தூணிலோ உறுதியான மரத்திலோ, குதிரையின் கண் உயரத்தில். கேட்டிலும் கூரைக் கம்பிலும் கட்டப்பட்ட குதிரை மிரண்டால் கேட்டையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

பிறகு தேய்ப்பு. ரப்பர் தேய்ப்பானால் வட்ட வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, கடினமான தூரிகையால் மயிர் படிந்த திசையில் தட்டியெடுத்து, மென்மையான தூரிகையால் முகத்தைத் துடைக்க வேண்டும். அழகு இதில் இரண்டாம்பட்சம். நாள்தோறும் உங்கள் கை உடல் முழுவதும் போய்வந்தால், நேற்று இல்லாத வீக்கமும் சூடும் முள்ளும் இன்று கையில் தட்டுப்பட்டுவிடும்.

குளம்பைச் சுத்தம் செய்வதைப் பலர் அஞ்சித் தள்ளிப்போடுகிறார்கள். இடது முன்காலில் தொடங்குங்கள். குதிரையின் தோளோடு உங்கள் தோள் ஒட்டும்படி, அதன் வாலைப் பார்த்து நில்லுங்கள். கையைத் தோளிலிருந்து காலின் பின்புறமாக மெல்ல இறக்கிக்கொண்டு வந்து, முழங்காலுக்குக் கீழே கயிறுபோல் ஓடும் தசைநாரை இரு விரலால் லேசாக அழுத்தினால், பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். குளம்பை உள்ளங்கையில் தாங்கித் திருப்பினால் அடிப்பக்கத்தின் நடுவில், தேய்ந்த ரப்பர் செருப்பைப்போல் அமுங்குகிற ஆப்பு வடிவப் பகுதி ஒன்று தெரியும். அதன் இருபுறமும் ஓடும் பள்ளங்களில்தான் சாணமும் கூழாங்கல்லும் நம் செம்மண்ணும் இறுகிக் கிடக்கும். குளம்பு சுரண்டியைக் குதிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மட்டும் இழுங்கள். எதிர்த்திசையில் குத்தினால் கை நழுவி அந்த மென்மையான ஆப்பில் இறங்கிவிடும். சுரண்டியபின் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். அழுகல் நாற்றமும் கறுத்த கசிவும் இருந்தால் லாயத்தின் தரை ஈரமாக இருக்கிறது என்று பொருள். தரையைக் காயவைத்தால் பாதி குணமாகிவிடும், மீதிக்கு மருத்துவர் மருந்து தருவார்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை வெட்டிச் சீராக்க வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. நம் சந்தைகளில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் இன்னும் ஓரிருவர் கிடைக்கிறார்கள். ஆனால் மாட்டுக் குளம்பு பிளந்தது, அதற்கான லாடம் இரண்டு துண்டு, மாட்டைக் கீழே தள்ளிக் கட்டித்தான் அடிப்பார்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நின்றபடி அடிக்க வேண்டும், ஆணி வெளிச்சுவரில் மட்டும் ஏற வேண்டும். ஒரு நூல் உள்ளே போனாலும் உயிர்த் தசையில் பாய்ந்து நொண்டிவிடும். குதிரைக்கு லாடம் கட்டிப் பழகியவர் ஓசூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டியிருந்தால், அருகில் குதிரை வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் வரவழைப்பது நல்லது. மண்பாதையில் மட்டும் போகும் குதிரைக்கு லாடமே இல்லாமலும் சமாளிக்கலாம். வெட்டிச் சீராக்குவதை மட்டும் விடக் கூடாது.

ஏறுதல்

கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் எழும்பி நிற்பதுதான் தோள்மேடு. சேணத்தை அதற்குச் சற்று முன்னால் வைத்து, மயிர் படியும்படி பின்னால் நகர்த்தி அமர்த்துங்கள். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். வயிற்று வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலடி நடத்திச் சென்று மறுபடியும் இறுக்கினால்தான் அது உண்மையான இறுக்கம். இதை மறந்தவர்கள் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் மிதி வளையத்தில், கால் வைத்ததும் சேணத்தோடு சேர்ந்து குதிரையின் வயிற்றுக்கடியில் போய்த் தொங்குவதை எந்தப் பயிற்சி மைதானத்திலும் மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கலாம்.

அங்கவடியின் நீளத்தை ஏறுவதற்கு முன்பே கணித்துவிடலாம்: வார் தொங்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து, அங்கவடியை அக்குள்வரை நீட்டினால் சரியாக எட்ட வேண்டும். காலணிக்கு அரை அங்குலக் குதியும் வழவழப்பான அடியும் தேவை. முரட்டு அடி கொண்ட ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் மாட்டிக்கொள்ளும். செருப்போ முழுதாக உள்ளே நுழைந்துவிடும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு இவ்விரண்டுமே காரணம்.

இடப்பக்கமிருந்து ஏறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இடையின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்தில் வந்தது என்பார்கள். கடிவாள வாரையும் ஒரு பிடி பிடரி மயிரையும் இடக்கையில் சேர்த்துப் பிடித்து, இடக்கால் நுனி குதிரையின் விலாவில் குத்தாமல் அங்கவடியில் வைத்து எழும்புங்கள். முதுகில் தொப்பென்று விழாமல் மெதுவாக அமர வேண்டும். ஒரு கல்லின்மேலோ திண்ணையின்மேலோ நின்று ஏறுவது இழுக்கன்று. தரையிலிருந்து தொங்கி ஏறும்போது குதிரையின் முதுகெலும்பு ஒரு பக்கமாக முறுக்கப்படுகிறது. நான் களத்து மேட்டில் கிடக்கும் பழைய ரோதைக் கல்லின்மேல் நின்றுதான் இன்றும் ஏறுகிறேன்.

உட்கார்ந்தபின் காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். பாதத்தின் அகன்ற பகுதி அங்கவடியில் இருக்க, குதிகால் சற்றே தாழ்ந்திருக்கட்டும். பார்வை குதிரையின் கழுத்தில் விழாமல், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். கடிவாளத்தை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் கிணற்றைச் சொல்வேன். வாளி தண்ணீரைத் தொடும் அந்த நொடியில் கயிற்றின் மேல்முனையில் ஒரு மெல்லிய கனம் கையில் தெரியுமல்லவா, அந்த அளவுதான் குதிரையின் வாய்க்கும் உங்கள் விரலுக்கும் இடையில் இருக்க வேண்டும். வாளி நிறைந்த கனம் வந்துவிட்டால் நீங்கள் இழுக்கிறீர்கள்; கனமே தெரியாவிட்டால் குதிரைக்கு உங்களிடமிருந்து செய்தி எதுவும் போகவில்லை.

நான்கு நடைகளையும் மைதானத்தில் வாக், டிராட், கேன்டர், கேலப் என்றே சொல்வார்கள். அவற்றைக் கண்ணால் பிரித்தறிவதைவிடக் காதால் பிரித்தறிவது எளிது. தாளம் தெரிந்த நம்மவர்களுக்கு இன்னும் எளிது. வாக் ‘தகதிமி’ என்று நான்கு தனித்தனித் தட்டு. டிராட்டில் மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால் சேர்ந்து விழுவதால் ‘தக தக’ என்று இரண்டே தட்டு, இருவர் மாறி மாறி உலக்கை போடுவதைப்போல. கேன்டர் ‘தகிட, தகிட’ என்று மூன்று தட்டும், அதன்பின் நான்கு காலும் தரையைவிட்டு எழும் சிறு மௌனமும். கேலப்பில் மறுபடி நான்கு தட்டு, வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும்.

முதல் பத்து வகுப்பை வாக்கிலேயே செலவிடுவது வீண் என்று பலருக்குத் தோன்றும். கைகளை விரித்துக்கொண்டும், கண்ணை மூடிக்கொண்டும், அங்கவடி இல்லாமலும் நீண்ட கயிற்றில் வட்டமாகப் போகும் அந்த வகுப்புகளில்தான் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் இடுப்பால் நிலைபெறும் பழக்கம் வருகிறது. டிராட்டில் ஒரு தட்டுக்கு எழுந்து அடுத்த தட்டுக்கு அமர்வது பாதி நாளில் பிடிபடும். வட்டத்தில் போகும்போது வெளிப்பக்க முன்னங்கால் முன்னேறும் தட்டில் எழ வேண்டும் என்பது அடுத்த நுணுக்கம். இது கைவந்தபின் கேன்டர். கேலப்பை முதல் ஆண்டில் மறந்துவிடுங்கள்.

குதிரை கட்டுமீறி ஓடினால் இரு வாரையும் சேர்த்துத் தொடர்ந்து இழுப்பது பயன் தராது. குதிரை அந்த இழுப்பின்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகத்தான் ஓடும். ஆழ உட்கார்ந்து, ஒரு பக்க வாரை மட்டும் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். விழப்போவது உறுதியாகிவிட்டால் இரு காலையும் அங்கவடியிலிருந்து விடுவித்து, கடிவாளத்தையும் விட்டுவிடுங்கள். தலையில் அடிபட்டவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அன்று மறுபடி ஏறக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். அடி வாங்கிய ஹெல்மெட்டையும் மாற்றிவிட வேண்டும்.

வெளிப்பாதைக்கு வந்தபின் சேலம், கிருஷ்ணகிரி நான்குவழிச் சாலையின் பக்கமே போகாதீர்கள். ஏரிக்கரையும் மாந்தோப்பு வண்டிப்பாதையும் போதும். தை மாதத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா நடக்கும் ஊர்களை முன்கூட்டியே கேட்டறிந்து தவிர்த்துவிடுங்கள். கோடையில் காலை எட்டு மணிக்குள் சேணத்தை இறக்கிவிட வேண்டும். வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, மேலே ஊற்றக் கூடாது என்றொரு பழைய நம்பிக்கை இங்கே இன்னும் இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெப்பத்துக்காகக் குதிரைகளைத் தயார்செய்தபோது, குளிர்ந்த நீரை ஊற்றி வழித்து, மறுபடி ஊற்றுவதே உடல் சூட்டை விரைவாக இறக்கும் வழி என்று தெளிவாயிற்று. தயங்காமல் ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள்.

தீவனமும் தண்ணீரும்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. நார்ச்சத்தைச் செரிப்பது பின்குடலில். ஆகவே கொஞ்சங் கொஞ்சமாக நாள் முழுவதும் மென்றுகொண்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர் தீவனம் தேவை. 350 கிலோ குதிரைக்கு ஐந்து முதல் ஏழு கிலோ. காய்ந்த அருகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கேழ்வரகுத் தாள் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிறது, பாதிக்கு அதைச் சேர்க்கலாம். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைக் கொஞ்சம் கலந்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கடலைக்கொடியில் மண் ஒட்டியிருக்கும். உதறாமல் போட்டால் மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். பூஞ்சை பிடித்த கொடியைத் தொடவே விடக் கூடாது.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்று நினைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. கோ-4, கோ-5 போன்ற நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் அதிகம். அதையே நாள்தோறும் தின்னும் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து ஒட்டாமல் எலும்பு பலவீனப்பட்டு முகம் வீங்கும். பச்சைச் சோளத்தட்டு சிறுநீர்ப்பையையும் பின்னங்காலையும் கெடுக்கும். கோழித் தீவனத்தில் கலக்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு மருந்து, குதிரைக்கு நஞ்சு. பண்ணையில் மிச்சமாகும் மூட்டையை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கொள்ளுக்கு வருவோம். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழி மனிதருக்குச் சொன்னது. குதிரை கொள்ளு தின்றுதான் கொழுக்கிறது. இரு மாவட்டங்களிலும் மானாவாரியில் நன்றாக விளையும் பயிர் இது. இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைத்து, ஆறியபின்தான் தர வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்குக் கொள்ளே தேவையில்லை, புல்லும் கல்லுப்பும் போதும். நாள்தோறும் ஒரு மணி நேரம் வேலை செய்யும் குதிரைக்கு அரைக் கிலோவில் தொடங்கி உடம்பைப் பார்த்துக் கூட்டலாம். பாசத்தில் அள்ளிப் போட்டால் வயிற்றுவலியும், குளம்பின் உட்பகுதி வீங்கி நடக்கவே முடியாத நோயும் வரும்.

வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நெடுஞ்சாலை நடுவில் பூத்துக் குலுங்கும் அரளியின் சில இலைகள் ஒரு குதிரையைக் கொல்லப் போதும். ஆமணக்கு விதையும் அப்படித்தான். கடலைக்காட்டு வரப்பில் அது நிற்கும். பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கக் காட்டோரங்களில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. மாம்பழக் காலத்தில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிவிட்டுத்தான் தோப்பில் அவிழ்த்துவிட வேண்டும், கொட்டை தொண்டையில் அடைக்கும்.

தண்ணீர் நாளுக்கு இருபத்தைந்து முதல் நாற்பத்தைந்து லிட்டர், கோடையில் அதற்கு மேலும். இந்த வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளூரைடு அதிகம். 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். மனிதரின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் தண்ணீர் விலங்கையும் பாதிக்கும். போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், முடிந்தால் ஒகேனக்கல் தண்ணீரையே தொட்டியில் விடுங்கள்.

உடல்நலம்

உங்கள் குதிரை நலமாக இருக்கும்போதே அதன் அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44; தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் தெரியும். மூச்சு 8 முதல் 16. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும்.

காலால் தரையைப் பிறாண்டுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது ஆகியவை வயிற்றுவலியின் அடையாளங்கள். தீவனத்தை உடனே எடுத்துவிட்டு, நாடியை எண்ணி, கால்நடை மருத்துவரை அழையுங்கள்; 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். கஷாயம், எண்ணெய் என்று வாயில் ஊற்றுவது ஆபத்து, நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர்களில் பலர் அன்றாடம் பார்ப்பது மாடும் ஆடுமே. குதிரைக்குச் சிக்கலான நோய் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் வண்டியை யாரிடம் கேட்பது என்பதை நோய் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். அந்த நோய்க்குக் குதிரை மிக எளிதில் இரையாகும். முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆண்டுதோறும். மாட்டு ஈக்கள் பெருகும் மழைக்காலத்தில் விட்டுவிட்டுக் காய்ச்சலும், வயிற்றடியில் வீக்கமும், மெலிவும் கண்டால் சர்ரா நோயாக இருக்கலாம். இரத்தச் சோதனை தேவை. கிளாண்டர்ஸ் இன்னும் கொடியது, மனிதருக்கும் பரவும். மூக்கில் சளியும் புண்ணும், தோலில் உடைகிற கட்டிகளும் அதன் அறிகுறிகள். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் உறுதிசெய்தால், அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழியில்லை.

சொந்தக் குதிரை வாங்கும்போது

ஓராண்டு கற்றபின் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்கு நம் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் பலர் போகிறார்கள். காதின் நுனி உட்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் நிற்கும் மார்வாரியும் கத்தியவாரியும், நாட்டு மட்டமும் அங்கே நிற்கும். பார்க்கப் போவது நல்லது. வாங்குவதாக இருந்தால் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதலில் வாங்கியதை ‘ஆறு வயது’ என்று சொல்லி விற்றார்கள். வாயைத் திறந்து பார்த்த மருத்துவர், “தம்பி, இதுக்குப் பதினஞ்சுக்கு மேல இருக்கும்” என்றார். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிழக் குதிரைதான். எட்டு வயதுக்கு மேற்பட்ட, பல பேரைச் சுமந்து அலுத்த குதிரையே புதியவருக்கு ஏற்றது. பெங்களூரில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஓடுவதற்கென்றே பழக்கப்பட்ட அதைத் திருத்திப் பழக்கத் தேர்ந்த கை வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் கிளாண்டர்ஸ் சோதனைச் சான்றைக் கேளுங்கள். கல் தரையில் நேராக நடத்தியும் டிராட்டில் ஓட்டியும் பாருங்கள். முன்னங்கால் நொண்டினால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். விற்பவரை முதலில் ஏறி ஓட்டச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் நீங்களும் ஏறாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றக் குதிரைகளிடமிருந்து மூன்று வாரம் தள்ளிக் கட்டி, நாள்தோறும் வெப்பம் பாருங்கள். தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி நிச்சயம். ஆகவே விற்பவரிடம் அது இதுவரை தின்றுவந்த தீவனத்தையே பத்து நாளுக்கு ஆகும் அளவு கேட்டு வாங்கி, குதிரையோடு அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நாளுக்கு நாள் கால் பங்கு, அரைப் பங்கு என்று உங்கள் புல்லைக் கலந்துகொண்டே போனால், அந்தப் பத்து நாளும் முடியும்போது அது உங்கள் கையால் தின்னப் பழகியிருக்கும். சேணத்தை அதன்பிறகு எடுத்தால் போதும்.